அம்மாவின் காய்ச்சலுக்கு 12,000 ரூபாய் பரிசோதனை தேவையா?

வணக்கம் சகோதரி. 68 வயது, சர்க்கரை நோய், இரண்டாம் நாள் காய்ச்சல், இருமல். ஆய்வகம் 12,000 ரூபாய்க்குப் பெரிய பிசிஆர் பரிசோதனை கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

அந்தப் பரிசோதனை இருபது கிருமிகள் வரை ஒரே நேரத்தில் தேடும். ஆனால் ரைனோ, அடினோ என்று வைரஸின் பெயர் தெரிந்தாலும் அவற்றுக்கெனத் தனி மருந்து கிடையாது. இந்த வைரஸ்களில் வழக்கமாக மருந்து தரப்படுவது ஃப்ளூவுக்கும் கோவிட்டுக்கும்தான். இரண்டையும் ஒரே மூக்குச்சளி மாதிரியில் பார்க்கும் விரைவு ஆன்டிஜன் பரிசோதனை மிகவும் மலிவு. இரண்டு கோடு விழுந்தால் நோய் இருக்கிறது என்று நம்பலாம். ஒரே கோடு என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சளி எடுக்கும் குச்சியை மூக்கில் மேல்நோக்கிக் குத்தாமல், காது இருக்கும் திசையில் நேராகச் செலுத்திச் சுழற்ற வேண்டும். மூக்கு நுனியை மட்டும் தொட்டு எடுத்தால் முடிவு பொய்த்துவிடலாம்.

முக்கியமானது நேரம். ஃப்ளூவுக்கான மருந்தான ஓசல்டாமிவிர், காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அம்மாவைப் போன்றவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே அதைத் தொடங்கலாம் என்பதுதான் அரசு வழிகாட்டுதல். இன்றே மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். மூச்சுத்திணறலோ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். அப்போது பிசிஆர் அவசியம்; அரசு மருத்துவமனையில் சேர்த்தால் மாதிரியை அவர்களே ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று மாலையில் எழுதுங்கள்.