எஸ்டிமேட்டைவிட ஒர்க்‌ஷாப் பில் மிக அதிகமாக வந்தால் என்ன செய்வது?

கிளட்ச் மாற்ற காரை விட்டிருக்கிறீர்கள், சொன்ன தொகையைவிட 40 சதவீதம் கூடுதலாகப் பில் வந்திருக்கிறது, கட்டுவதா, சண்டை போடுவதா என்பது கேள்வி. இரண்டையும் சற்று தள்ளி வையுங்கள். முதலில் மொத்தத் தொகை மட்டும் போட்ட சீட்டை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பாகமும் அதன் பார்ட் நம்பர், எண்ணிக்கை, விலையோடு தனி வரியாகவும், ஒவ்வொரு வேலைக்கும் லேபர் தனி வரியாகவும் உள்ள பில்லைக் கேளுங்கள். அதை எஸ்டிமேட்டுக்கும், வண்டி விடும்போது கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டுக்கும் பக்கத்தில் வைத்து, எஸ்டிமேட்டில் இல்லாத வரிகளைப் பென்சிலால் குறியுங்கள். எஸ்டிமேட்டில் உள்ள தொகை டாக்ஸ் சேர்க்காததா, சேர்த்ததா என்பதையும் அப்போதே பாருங்கள். சில தகராறு இங்கேயே தீர்ந்துவிடும்.

குறித்த ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்விதான்: இதைத் திறந்து பார்க்காமலே தெரிந்திருக்குமா?

கிளட்ச் வேலையில் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம். முன்சக்கர இழுவை வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றும்போது பெரும்பாலும் கியர் ஆயில் வடியும், புது ஆயில் ஊற்ற வேண்டும். இதெல்லாம் வேலை தெரிந்த எவருக்கும் முதல் நாளே தெரியும். எஸ்டிமேட்டில் பிளேட்டை மட்டும் போட்டுவிட்டு, பேரிங்கும் ஆயிலும் 'கூடுதல் வேலை' என்று பில்லில் வந்தால், அது குறைத்துச் சொல்லி வண்டியை உள்ளே இழுத்த எஸ்டிமேட். இந்த வரிகளில் தாராளமாகப் பேரம் பேசலாம்.

கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீல் கதை வேறு. அதன் முகத்தில் நீலம் பூத்த சூட்டுத் தடமோ பள்ளமோ இருப்பது பிரஷர் பிளேட்டைக் கழற்றிய பிறகுதான் கண்ணில் படும். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிவும் பெரும்பாலும் கியர்பாக்ஸ் இறங்கிய பிறகுதான் உறுதியாகும். இவை நியாயமான கூடுதல். அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்த 'இரட்டை நிறை' ஃப்ளைவீல் உள்ள வண்டியில் அந்த ஒரு பாகமே கிளட்ச் செட்டின் விலையைத் தாண்டக்கூடும். ஆனால் நியாயமான கூடுதலாக இருந்தாலும், கண்டுபிடித்த உடனே வேலையை நிறுத்திவிட்டு உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா, எப்போது, யாரிடம் என்பதுதான் இங்கே முக்கியம். உங்கள் போனில் தவறிய அழைப்பு, மெசேஜ், வீட்டில் வேறு யாராவது எடுத்து 'சரி, பண்ணுங்க' என்று சொன்னார்களா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள். அங்கே போய் நின்ற பிறகு 'ஆமா, அன்னைக்குச் சொன்னாங்க' என்று ஞாபகம் வந்தால் உங்கள் பேச்சுக்கு எடை போய்விடும்.

லேபரில்தான் அதிகம் ஏமாறுவது, அதுவும் இரட்டைக் கணக்கில். கியர்பாக்ஸ் ஒரு முறைதான் இறங்கியது. அப்படியிருக்க, ஆயில் சீல் மாற்றியதற்கு மறுபடியும் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி வரக்கூடாது; ஃப்ளைவீலைக் கழற்றி சீலை மாற்றும் நேரம் மட்டுமே வர வேண்டும். டைமிங் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்பைப் பெல்ட்டோடு மாற்றும்போதும், பிரேக் டிஸ்க்கோடு பேடு மாற்றும்போதும் இதே கணக்குதான். மறுபக்கம், 'மெக்கானிக் 3 மணி நேரத்தில் முடித்தார், 5 மணி நேரம் போட்டிருக்கிறார்கள்' என்பது மட்டும் மோசடி ஆகாது. பல இடங்களில் ஒவ்வொரு வேலைக்கும் நிர்ணயித்த மணிக்கணக்கில்தான் லேபர் போடுவார்கள், கை வேகமானாலும் மெதுவானாலும் அதே தொகை. துருப்பிடித்து போல்ட் உடைந்தால் அது வண்டியின் நிலைமை, அதற்கான நேரத்தைக் கேட்பதில் தவறில்லை. வயரிங் கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கியை இழுத்து உடைத்தால் அது அவர்கள் கை செய்தது, உங்கள் பில்லில் ஏறக்கூடாது.

அளவுகளையும் விடாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் ஒவ்வொரு திரவத்தின் கொள்ளளவும் இருக்கும். கூலண்ட் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கும் வகை என்றால் 3 லிட்டர்தான் பில்லில் வர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்குவதும் உண்டு. அப்போது பழையது கையில் இருக்காது, ஆனால் அதற்காகக் கழித்த தொகை பில்லில் தெரிய வேண்டும்.

பேசும்போது சர்வீஸ் அட்வைசரிடம் நின்றுவிடாமல், தொகையைக் குறைக்கும் அதிகாரம் உள்ள மேனேஜரிடமோ உரிமையாளரிடமோ போங்கள். 'மொத்தத்தில் கொஞ்சம் குறைங்க' என்றால் ஏதோ சில்லறையைத் தள்ளுவார்கள். 'இந்த 4 வரிக்கு என் ஒப்புதல் இல்லை, இந்த லேபர் இரண்டு முறை வந்திருக்கிறது' என்றால் பதில் சொல்லியாக வேண்டும். பாகம் உண்மையிலேயே கெட்டிருந்தது, ஆனால் கேட்காமல் மாற்றிவிட்டார்கள் என்றால், பாகத்தின் விலையை நீங்கள் கொடுத்து, அதற்கான லேபரை அவர்கள் விட்டுவிடுவது இரு பக்கமும் ஏற்கக்கூடிய முடிவு. கேட்காமலே மாட்டிய ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி என்றால் இன்னும் எளிது: கழற்றிவிட்டுப் பழையதை மாட்டச் சொல்லலாம்.

உடன்பாடு வராவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பணம் வராதவரை வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமை பல நாடுகளில் ஒர்க்‌ஷாப்புக்கு உண்டு, நிறுத்தி வைத்த நாட்களுக்கு வாடகை ஏறும் அபாயமும் இருக்கிறது. தகராறு இல்லாத தொகையைக் கட்ட முன்வந்து, அதை எழுத்தில் தெரிவியுங்கள். மீதியையும் கட்டினால்தான் வண்டி என்றால், கட்டிவிட்டு, பில்லின் இரு பிரதிகளிலும் 'இன்னின்ன வரிகளுக்கு ஒப்புதல் இல்லை, எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு நுகர்வோர் புகாருக்குப் போக அந்த ஒரு வரி உதவும். சில நாடுகளில் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டைக் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் ஒப்புதல் இல்லாமல் தாண்டவே சட்டம் விடாது, புகாருக்குப் போகும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த வரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்: 'மேலே உள்ள தொகையைத் தாண்டும் எந்த வேலைக்கும் முன், படத்தோடும் விலையோடும் இந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பி என் பதில் வந்த பிறகே செய்யவும்.'