காலில் கட்டிய கத்தி போதுமா?

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் நீந்துவது) முதல்நிலைப் பயிற்சி முடித்துவிட்டேன். அடுத்த மாதம் அந்தமான் போகிறோம். கெண்டைக்காலில் கட்டிக்கொள்ளும் பெரிய கத்தி ஒன்றைத் தம்பி வாங்கித் தந்திருக்கிறான். அது போதுமா, ஐயா?
– வாசகி, கடலூர்

பதில்: கத்தி இருக்கட்டும். ஆனால் அதைக் காலில் கட்டாதீர்கள், அதை மட்டும் நம்பியும் இறங்காதீர்கள்.

கடலுக்கடியில் நாம் அறுக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் நைலான் நரம்புதான். பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டி அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் மட்காமல் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது.

புதுச்சேரிக் கடலில் எனக்கே நடந்தது. 18 மீட்டர் ஆழம் இருக்கும். நீந்துகிறேன், உடம்பு நகரவில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. சிலிண்டர் வால்வில் நரம்பு வலை மாட்டியிருக்கிறது. என்னவென்று பார்க்கத் திரும்பினேன், அதுதான் தப்பு. இன்னும் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. காலில் இருந்த கத்தியை எடுக்கக் குனிந்தால் வலை இழுக்கிறது, கை எட்டவில்லை. கூட வந்த நண்பர் பிடரிக்குப் பின்னால் கத்தரிக்கோலை விட்டு ஒவ்வொரு இழையாக நறுக்கினார். முதுகில் இருந்த பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

தொய்ந்த நரம்பில் கத்தி வழுக்கும். இழுத்துப் பிடிக்க ஒரு கை, அறுக்க ஒரு கை வேண்டும். கத்தரிக்கோலுக்கு ஒரு கை போதும். அதனால் முதலில் வாங்க வேண்டியது, ஆம்புலன்ஸில் துணி வெட்ட வைத்திருப்பார்களே, அந்த முனை மழுங்கிய கத்தரிக்கோல். விலையும் குறைவு. அப்புறம் ஒரு லைன் கட்டர். கொக்கி மாதிரி இருக்கும், பிளேடு உள்ளே மறைந்திருக்கும், காற்றுக் குழாயில் பட்டாலும் பயமில்லை. தடித்த கயிறு மட்டும் அதன் வாய்க்குள் நுழையாது. அதற்குத்தான் கத்தி. விரல் நீளப் பிளேடு, மழுங்கிய முனை, ஒரு பக்கம் ரம்பப் பல் இருந்தால் போதும். டைட்டானியம் துருப்பிடிக்காது, விலைதான் அதிகம்.

ஒன்றை மார்புப் பட்டையிலும் இன்னொன்றை இடுப்புப் பட்டையிலும் மாட்டுங்கள். வலது, இடது எந்தக் கைக்கும் அவை எட்ட வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலைத் துண்டு கேட்டால் தருவார்கள். வீட்டில் கண்ணை மூடி, இடது கையால் உறையிலிருந்து எடுத்து அதை நறுக்கிப் பழகுங்கள். சரி, மாட்டிக்கொண்டால்? அசையாமல் நின்று, மூச்சை நிதானமாக விட்டு, துணைக்கு வந்தவருக்குச் சைகை காட்டுங்கள். திரும்பவே கூடாது.

ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். கத்தரிக்கோலில் திருகாணி இருக்கும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். விமானத்தில் இவை எதையும் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.