எலும்புக்கூட்டின் மேல் தசை படரும்போது

இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கூடத்தில் கைபேசிக்கு இடம் கொடுத்தால் காட்சிப்பொருளை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தன் பழைமையான எலும்புக்கூடுகள் கூடத்தின் காட்சியமைப்பை மாற்றாமலேயே, 2015இல் 'ஸ்கின் அண்ட் போன்ஸ்' என்ற செயலியை வெளியிட்டது. இரத்தம் குடிக்கும் வௌவாலின் எலும்புக்கூட்டை நோக்கிக் கேமராவைப் பிடித்தால், திரையில் அதன்மேல் தசையும் தோலும் படர்ந்து, அது எழுந்து பறக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். இந்த வௌவால், தன் நீண்ட கட்டைவிரல்களைத் தரையில் ஊன்றி நடக்கவும் எம்பிக் குதிக்கவும் வல்லது. அதை அறிந்தவர் கைபேசியைத் தாழ்த்திவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கட்டைவிரல் எலும்பைத் தேடுவார். மூலையில் நிற்கும் தனித் தொடுதிரையைவிட இதுவே மேலான வழி என்பேன், ஏனெனில் கூடத்தில் இது பார்வையாளரைக் காட்சிப்பொருளுக்கு எதிரிலேயே நிற்க வைக்கிறது.