மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்

கேள்வி: குளிர்காலம் வந்தால் மனமே சரியில்லாமல் போகுது. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரப் பெண்மணி யோகானிஸ்கிராவுட் குளிசை போட்டுப் பாருங்கோ என்கிறார். உண்மையிலேயே வேலை செய்யுமா? (வாசகி, டோர்ட்முண்ட்)

பதில்: லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு வேலை செய்யும். ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம் என்ற மஞ்சள் பூச்செடிதான் இது. புனித யோவான் (ஜெர்மனில் யோகானிஸ்) திருநாளான ஜூன் 24ஐ ஒட்டிப் பூப்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும். மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டும்.

2008இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, மொத்தம் 5,489 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரையைவிட இது மேல், வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு ஏறக்குறைய சமம், பக்கவிளைவு குறைவு என்று தெரிந்தது. ஆனால் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரையை இது வெல்லவில்லை. ஒப்பீட்டுக்குக் கொடுத்த செர்ட்ராலின் என்ற வழக்கமான மனச்சோர்வு மருந்தும் முக்கிய அளவீடுகளில் வெல்லவில்லை. ஆகவே அந்த ஒரு முடிவை வைத்து மூலிகையைத் தள்ளிவிட முடியாது.

கடுமையான மனச்சோர்வுக்கு இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மனம் அளவுக்கு மீறிப் பொங்கும் இருமுனை நோய் உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு? கடையில் தேயிலைப் பையாகவும் விற்கிறார்களே, அது மலிவாக இருக்கிறது. (வாசகர், பேர்ன்)

பதில்: ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது உலர்சாறு (செடியின் சத்தை வடித்து உலர்த்தியது), நாளுக்கு 900 மில்லிகிராம்: 300 வீதம் மூன்று வேளை, அல்லது 900 ஒரே வேளை. டப்பாவில் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பார்க்காதீர்கள். 300 மி.கி. செடித்தூளும் 300 மி.கி. சாறும் ஒன்றல்ல, தூளில் சத்து மிகக் குறைவு. முக்கியச் சத்தான ஹைபர்ஃபோரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் தேநீரை அந்த மாத்திரைக்கு ஈடாக நினைக்க வேண்டாம். பலனை எடைபோட நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதற்குள் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். ஜெர்மனியில் நடுத்தர மனச்சோர்வுக்கென அனுமதி பெற்ற மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு தேவை. மற்ற மருந்துகளோடு இது மோதும் விதம் அடுத்த பதிலில்.

கேள்வி: நான் கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கிறேன். அப்பா இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார். இருவரும் இதை எடுக்கலாமா? (வாசகி, பாரிஸ்)

பதில்: இருவருமே எடுக்கக் கூடாது. ஹைபர்ஃபோரின் கல்லீரலில் ஒரு விசையைத் தட்டிவிடுகிறது. மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி அப்போது பெருகும். உள்ளே வந்த மருந்தைத் திரும்பக் குடலுக்குள் தள்ளும் புரதமும் கூடும். மருந்தை வேளை தவறாமல் விழுங்கினாலும் இரத்தத்தில் போதிய அளவு நிற்காது.

2000ஆம் ஆண்டில் இது வெட்டவெளிச்சமானது. சூரிச்சில் மாற்று இதயம் பொருத்திய இருவருக்கு இந்த மூலிகையால், மாற்று உறுப்பை உடல் எதிர்க்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இறங்கி, உடல் அந்த இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரின் அளவு பாதிக்கும் கீழே போனதும் அதே ஆண்டு தெரியவந்தது.

உங்கள் விஷயத்தில் முதல் அறிகுறி, மாதவிடாய் நாள் அல்லாதபோது இரத்தக் கசிவு. கருத்தரித்தவர்களும் உண்டு. கைக்குள் வைக்கும் ஹார்மோன் குச்சியும் பாதிக்கப்படும். காப்பர் டி பாதிக்கப்படாது. மூலிகையை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பு வேண்டும்.

அப்பாவின் மருந்து வார்ஃபரினோ ஃபென்புரோகூமோனோ ஆனால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் இறங்கி இரத்தம் கட்டலாம். ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் என்றாலும் பலன் குறையும். ஏற்கெனவே மூலிகையை எடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று தானாக நிறுத்தவும் வேண்டாம். நொதி இரண்டு வாரத்தில் மெல்ல அடங்கும், மருந்தின் அளவு ஏறும், இப்போது இரத்தக் கசிவு அபாயம். மருத்துவரிடம் சொல்லி, ஐ.என்.ஆர். பார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டும். டிகாக்சின் என்ற இதய மருந்துக்கும் சில புற்றுநோய் மருந்துகளுக்கும் இதே கதிதான்.

ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்தோ டிராமடால் என்ற வலி மருந்தோ கூடச் சேர்ந்தால் ஆபத்து வேறு விதம்: செரடோனின் என்ற மூளை இரசாயனம் மிதமிஞ்சி வியர்வை, நடுக்கம், பதற்றம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். இவை தெரிந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: பூவை ஊறவைத்த சிவப்பு எண்ணெயைத் தீப்புண்ணில் தடவலாமா? (வாசகர், ஹம்)

பதில்: பூவை ஆலிவ் எண்ணெயில் போட்டுச் சில வாரம் வெயிலில் வைத்து எடுப்பது ஐரோப்பாவின் பழைய வழக்கம். சிறு காயங்களுக்குத் தடவுகிறார்கள். ஆய்வு ஆதாரம் மெலிவு. புதுத் தீப்புண்ணில் எந்த எண்ணெயும் வேண்டாம், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். வெயிலைப் பற்றியும் ஒரு சொல்: இந்தச் செடியை அதிகம் மேய்ந்த வெளிர்நிற ஆடுகளுக்கு வெயிலில் தோல் வெந்துபோகும். வழக்கமான அளவில் மாத்திரை எடுக்கும் மனிதருக்கு அது அரிது. தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பவர்களும் தோல் நோய்க்குப் புறஊதா சிகிச்சை பெறுபவர்களும் மட்டும் இரட்டை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.