ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கேள்வி: உப்புவெளியில் கடற்கரையோர வீடு. காரில் பெற்றோல் இருக்கிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் தள்ளும் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: பொறுங்கள் தங்கச்சி, இப்போதே காசைக் கொட்டாதீர்கள். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பி, பின் சீற்றருகே காது கொடுங்கள். எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் இன்ஜெக்ஷன் கார் என்றால் அநேகமாக 2 செக்கன் பம்ப் இரையும். சத்தமே இல்லையா? முதலில் பியூஸ், அப்புறம் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே, அவற்றின் உலோகப் பின்கள் பாருங்கள். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்; நம் கடற்கரை வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சத்தம் வந்தால் கராஜில் பெற்றோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பல கார்களில் 3 பார் அளவில் இருக்கும். குறைந்தால், பில்டர் அடைப்பைப் பார்த்த பிறகே பம்ப். பெற்றோல் குழாயை மட்டும் நீங்களாகக் கழற்றவேண்டாம், பீய்ச்சியடிக்கும்.