நடைக் கேள்விகள்: 250 மீட்டர் குன்றுதானே?

கேள்வி: அக்டோபர் கடைசியில் நாங்கள் பன்னிரண்டு பேர் கடலோரக் குன்றுகள் வழியாக ஒருநாள் நடை போகிறோம். தூரம் 14 கிலோமீட்டர். இருப்பதிலேயே உயரமான குன்று 250 மீட்டர்தான். காலை 11 மணிக்குக் கிளம்பினால் போதும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: அந்தப் பாதிப் பேரிடம், எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்று கேளுங்கள். கடலோரப் பாதையில் உச்சியின் உயரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடைகள் கடலுக்கு வருகின்றன. ஒவ்வொரு ஓடை முகத்திலும் பாதை ஏறக்குறைய கடல் மட்டம்வரை இறங்கி, மறுகரையில் மறுபடி ஏறும். ஐந்து ஓடைகள், ஒவ்வொன்றுக்கும் 140 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் மொத்தம் 700 மீட்டர். உங்கள் 250 மீட்டர் குன்று எங்கே போயிற்று?

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். மீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி உங்களுக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் அது திடமான ஒருவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. பன்னிரண்டு பேர் என்றால் ஒருவர் லேஸ் கட்டுவார், ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அடுத்த மேட்டில் திரும்பப் போடுவார். ஒரு வேலியை எல்லோரும் தாண்டி முடிக்கவே தனி நேரம் வேண்டும். கூட்டம் என்றால் நான் பாதி கூடச் சேர்த்துக்கொள்வேன். ஆறு மணி நேரம். 11க்குக் கிளம்பினால் மாலை 5 ஆகிவிடும்.

அப்போது வெளிச்சம் இருக்குமா என்பதுதான் கேள்வி. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமம். அதை ஒட்டிய வாரங்களில்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. வடக்கே நடு அட்சரேகைப் பகுதிகளில் தினமும் மூன்று நிமிடம் போல. போதாக்குறைக்குப் பல நாடுகளில் இலையுதிர்காலத்தில் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். எட்டரைக்குக் கிளம்புங்கள். எட்டரை என்று சொன்னால்தான் ஒன்பதுக்காவது கிளம்புவீர்கள், அது வேறு விஷயம். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். செல்போன் வெளிச்சத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: வேகமாக நடப்பவர்கள் அங்கங்கே நின்று காத்திருந்தால் போதாதா? எல்லோரும் ஒன்றாகவே போக வேண்டுமா?

பதில்: நின்று காத்திருப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் உண்மையில் நடப்பது வேறு. முன்னால் போனவர்கள் மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கால் நீட்டி, கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, சரி கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம், தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை! மூன்றாவது மேட்டில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டால் யாரைக் குறை சொல்வது? கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு ஆரம்பம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வழி தெரிந்த ஒருவர் முன்னால், பொறுமைசாலி ஒருவர் கடைசியில். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரியும் இடத்திலெல்லாம் தலை எண்ணுங்கள்.

கேள்வி: வழியில் அரை கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். போன சனிக்கிழமை மதியம் ஒரு நண்பர் போய்ப் பார்த்தார். நல்ல அகலமான கடற்கரை என்றார். இந்தச் சனிக்கிழமை அதே நேரம் போகலாமா?

பதில்: போகாதீர்கள்! பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். அதாவது, போன வாரம் மதியம் கடல் வற்றியிருந்தால் இந்த வாரம் அதே மதியம் ஏறியிருக்கும். உங்கள் நண்பர் நடந்த மணல் தண்ணீருக்கடியில், ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அலை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் அதிகம். அதிலும் பகலிரவு சமமாகும் பருவத்தில் இன்னும் அதிகம். அந்தக் கரையில் கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றத்துக்கு முன்னும் பின்னுமாக அந்தப் பகுதியைக் கடக்கும்படி நேரத்தை அமையுங்கள். பொருந்தவில்லையென்றால் மேலே குன்றோடு சுற்றிப் போங்கள்.

கேள்வி: கீழே வெயில் அடிக்கிறது, குன்றின் மேல் மட்டும் மூடுபனி. காத்திருந்தால் விலகுமா?

பதில்: அது பெரும்பாலும் மேகம். ஈரமான கடல்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. காற்று அதே திசையில் வீசும்வரை பழையது போகப் போகப் புதியது உருவாகிக்கொண்டே இருக்கும். மேலே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் முன்னே போகிறவரின் முதுகு கண்ணில் படும் தூரத்தில் நடங்கள். கடல் பக்கத்து விளிம்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளியே போங்கள். அடியில் மண் அரித்துப்போயிருப்பது மேலிருந்து தெரியாது.

கேள்வி: நடை முடிந்ததும் கடலில் ஒரு முங்கு போடலாமா? இலையுதிர்காலத்தில் தண்ணீர் உறையாதா?

பதில்: நீங்கள் நினைக்கிற அளவு குளிராது. கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அதனால் வசந்தகாலத் தொடக்கத்தைவிட இப்போது தண்ணீர் இதமாகவே இருக்கும். அலையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். புயல்கள் வரத் தொடங்கும் பருவம் இது. மாற்றுடையையும் துண்டையும் மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 14 கிலோமீட்டருக்கு அந்த எடையை எதற்கு முதுகில் சுமப்பது?