சாண்ட்லரில் சார்ட்டர் பள்ளி: கோச்சிங் தேடும் பெற்றோருக்கு

வேலை மாற்றலில் அரிசோனாவின் சாண்ட்லருக்குக் குடிபோகிறீர்கள். மகள் அடுத்த ஆண்டு 6ஆம் வகுப்பு. பேசிஸ் போன்ற சார்ட்டர் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு எங்கே கோச்சிங் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். சார்ட்டர் என்பது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளி. கட்டணம் வாங்கக் கூடாது, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கவும் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முன்னுரிமை உண்டு. சேர்ந்த பிறகு வைக்கும் தேர்வு, கணக்கில் எந்த நிலையில் உட்கார வைக்கலாம் என்று பார்ப்பதற்கு. நன்கொடை கேட்டு மின்னஞ்சல் வரும். கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை.

சிரமமெல்லாம் உள்ளே போன பிறகுதான். பேசிஸில் 6ஆம் வகுப்பிலேயே இயற்பியல், வேதியியல், உயிரியல் தனித்தனிப் பாடங்கள். பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற, குறைந்தது 6 ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) எழுத வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கில் தடுமாறுவதில்லை. படித்ததை வைத்துச் சொந்தமாகப் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால்தான் திணறுவார்கள். கோச்சிங் வேண்டுமென்றால் அதற்கு வையுங்கள்.

தரவரிசைப் பட்டியலை எச்சரிக்கையாகப் படியுங்கள். 12ஆம் வகுப்பில் எத்தனை சதவீதம் பேர் ஏபி எழுதித் தேறினார்கள் என்பதற்கு அதில் மதிப்பெண் அதிகம். பாரம் தாங்காமல் நடுவில் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மாநிலக் கல்வித்துறை அக்டோபர் 1 நிலவரப்படி ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புவாரியாக எத்தனை மாணவர் என்று வெளியிடுகிறது. அடுத்தடுத்த ஐந்து வருட அட்டவணைகளை எடுத்து, முதல் வருட 8ஆம் வகுப்புத் தொகையையும் கடைசி வருட 12ஆம் வகுப்புத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதியாகக் குறைந்திருந்தால், போனவர்கள் எங்கே போனார்கள் என்று பள்ளியிலேயே கேளுங்கள். சிலர் பெரிய விளையாட்டு அணி, இசைக்குழு தேடிப் போயிருக்கலாம். எல்லாமே தோல்விக் கணக்கு அல்ல.

மாவட்டப் பள்ளிகளை, அதாவது ஊரின் பள்ளி மாவட்டம் நடத்தும் வழக்கமான அரசுப் பள்ளிகளை, ஒதுக்கிவிடாதீர்கள். சாண்ட்லர் பள்ளி மாவட்டமே நடத்தும் அரிசோனா காலேஜ் பிரெப் கடினமான பாடத்திட்டம் கொண்டது. சாண்ட்லர் ஹை என்ற உயர்நிலைப் பள்ளியில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம் இருக்கிறது. இடமிருந்தால் உங்கள் முகவரி எல்லைக்கு வெளியே உள்ள பள்ளியிலும் சேரலாம், அதற்கும் விண்ணப்பம் போடுங்கள். வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன், அந்த முகவரிக்குரிய பள்ளி எது என்று பார்த்துவிடுங்கள். குலுக்கலில் விழாவிட்டால் அதுதான் கை கொடுக்கும். சார்ட்டரில் பெரும்பாலும் பேருந்து கிடையாது, காலையும் மாலையும் கார் ஓட்ட ஆள் வேண்டும்.

புறப்படுமுன் தடுப்பூசி அட்டையை எடுங்கள். நம்மூர் அரசு மையத்தில் போட்டது எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) என்றால் அதில் பொன்னுக்கு வீங்கி இல்லை. இங்கே மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் இரண்டு தவணை கேட்பார்கள். சின்னம்மைத் தடுப்பூசி நம்மூர் அரசு அட்டவணையிலேயே கிடையாது. பதினோரு வயதானால் டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்), மெனிஞ்சோகாக்கல் (ஒருவகை மூளைக்காய்ச்சல்) தடுப்பூசி இரண்டும் சேரும். விட்டுப்போனதை ஊரிலேயே போட்டு, தேதியுடன் ஆங்கிலத்தில் மருத்துவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.